வரப்புல படுத்திருக்கிறவரு

வாடா பேராண்டி. பட்டணத்துலேருந்து வந்து வயலை வாங்கிட்ட, வரப்புல நின்னு செல்ஃபியும் எடுத்துட்ட. இந்தக் கிழவன் புத்திமதியையும் கேட்டுக்க. ராத்திரி தண்ணி பாய்ச்சப் போறப்ப டார்ச்சை வீட்டுலயே வச்சிடு. செருப்பும் வேணாம். கண்ணாடி விரியனார் அப்பத்தான் எலி தேடிக் கிளம்பியிருப்பாரு. அவரு மூஞ்சியில வெளிச்சம் அடிக்கலாமா, மரியாதையில்லாம?

நல்ல பாம்புன்னா உனக்கு உசுரு நடுங்குது. புத்துல பாலு வேற ஊத்துற. அதாவது படமெடுத்துச் சொல்லிட்டுச் சண்டைக்கு வரும். விரியனுக்கு அந்த ஜம்பமெல்லாம் கிடையாது. தடிச்ச உடம்பு, குட்டை வாலு, முக்கோணத் தலை. முதுகு நெடுக மூணு வரிசையா கறுப்புக் கரை கட்டுன வட்டம். காஞ்ச சருகுல படுத்துட்டா கண்ணுக்கு ஆப்புடாது. ரொம்பக் கிட்டப் போனா குக்கரு மாதிரி சீறும். அதையும் மலைப்பாம்புக் குட்டின்னு வாலைப் புடிச்சுத் தூக்கி போட்டோ எடுக்கிற சூரனுங்க நம்ம பக்கத்துலயே இருக்கானுங்க. நல்ல சகவாசம், விட்டுடாத.

முட்டை போடுற சோலியே இதுக்கு இல்ல. வயித்துக்குள்ளயே பொரிச்சுக் குட்டியாத்தான் போடும். ஆனி, ஆடியில ஒரே ஈத்துல இருவது, முப்பதுன்னு விழும். தாய்ப்பாலு, தாலாட்டு ஒண்ணும் கிடையாது. பொறந்தன்னைக்கே பல்லுல விஷத்தோட பல்லி, ஓணான் தேடிப் போயிடும். வளந்தப்புறம் எலிதான். எலிக்கு எங்க போகும்னு கவலைப்படாத. வைக்கப்போரைச் சுவத்தோட ஒட்டிப் போட்டு, சிந்துன நெல்லையும் கூட்டாம விட்டிருக்கியே, விருந்துன்னா அதுதான்!

கடிச்சுதுன்னு வையி. ரத்தத்தை உறைய வைக்கிற சரக்கையெல்லாம் அந்த விஷம் காலி பண்ணிடும். அப்புறம் உறையவே உறையாது. ஈறுல கசியும், கிட்னி படுத்துக்கும். ஆஸ்பத்திரியில கண்ணாடிக் குழாயில துளி ரத்தம் எடுத்து 20 நிமிசம் ஆடாம வைப்பாங்க. உறையலேன்னா விஷமுறிவு ஊசியைப் போட ஆரம்பிச்சிடுவாங்க. உனக்கு அந்த அவசரமெல்லாம் எதுக்கு? கயித்தால இறுக்கிக் கட்டு, பிளேடால கீறு, வாயால உறிஞ்சு. உறையாத ரத்தத்துல பிளேடு போட்டா எப்படி இருக்கும்னு நானும் பாத்ததில்ல.

அந்த ஊசி மருந்து எங்கேருந்து வருதுங்கிற? மகாபலிபுரத்துக்குப் பக்கம் வடநெம்மேலியில இருளர் பாம்பு பிடிப்போர் சங்கம் இருக்கு, 1978ல ஆரம்பிச்சது. புடிச்ச பாம்பை மண்பானையில வச்சு, வாரம் ஒருதரம் விஷம் எடுப்பாங்க. நாலு தரம் ஆனதும் வயித்துச் செதில்ல ஒரு அடையாளம் வெட்டிக் காட்டுல விட்டுடுவாங்க. அடையாளத்தோட மாட்டுனா, இப்பத்தான் விஷம் குடுத்துட்டுப் போனவருன்னு தெரியுமில்ல? அந்த விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சங்கொஞ்சமா ஏத்தி, குதிரை ரத்தத்துலேருந்துதான் மருந்து வருது. நாகம், கட்டுவிரியன், சுருட்டை, நம்ம கண்ணாடி விரியன், நாலுக்கும் ஒரே மருந்து.

அந்த இருளர்ல வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023ல பத்மஸ்ரீ வாங்கிட்டாங்க, பாம்பு புடிச்சே. நீ கம்பை எடுத்து அடிச்சா உனக்கும் டெல்லியில ஏதாவது குடுப்பாங்கன்னு பாக்காத. 1972ஆம் வருசத்து வனவிலங்குச் சட்டத்துல கேசு வேணா குடுப்பாங்க.