பதிவேற்றவியல்: ஆமத்தூர்ப் பாடபேதங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற வழியில் ஆமத்தூர். ஐந்தெழுத்து ஊர். ஆய்வின் முதல் சிக்கலே இந்த ஐந்தெழுத்தில்தான். ஒரு கோப்புக்கு 'ஆமத்தூர்' என்று பெயர் வைத்து இணையத்தில் ஏற்றிப் பாருங்கள். யூனிகோடு அதை 8 குறிகளாகப் பிரிக்கும். குறிக்கு 3 வீதம் 24 பைட்டு. முகவரிப் பட்டையில் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக நிமிர்ந்தால் மொத்தம் 72. இலக்கணத்துக்கு 5, சர்வருக்கு 72. இந்த முரணை எந்த உரையாசிரியரும் தீர்த்துவைக்கவில்லை. அனுபவசாலிகள் ஆங்கிலத்தில் 'யூனிட் 3' என்று பெயர் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்.

இவ்வாய்வாளன் அந்தப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் தமிழாசிரியன். கல்லூரியின் பெயர் ஆய்வுக்குத் தேவையில்லை. ஆய்வாளனின் சம்பளத்துக்குத் தேவை. 2022-23ஆம் கல்வியாண்டில் அண்ணா பல்கலைக்கழகம் முதலாண்டு மாணவர்களுக்குத் 'தமிழர் மரபு' என்ற பாடத்தை வைத்தது. அதன் புண்ணியத்தில் எனக்கு ஒரு நாற்காலியும், கூடவே ஒரு கடவுச்சொல்லும் கிடைத்தன. பாடத்துக்கு ஐந்து அலகு. பவணந்தி முனிவரும் நன்னூலின் பொதுப்பாயிரத்தை ஐந்தாகத்தான் வகுத்தார்: நூல், ஆசிரியன், பாடம் சொல்லும் முறை, மாணாக்கன், பாடம் கேட்கும் முறை. பதிவேற்றம் என்ற ஆறாவது உறுப்பை முனிவரும் விட்டுவிட்டார், பல்கலைக்கழகமும் விட்டுவிட்டது. அக்குறை தீர்க்கவே இக்கட்டுரை எழுந்தது.

முதலில் கருவி. எங்கள் தளம் மூடில் என்னும் மென்பொருளில் ஓடுகிறது. 'மூடில் இல்ல' என்றால் பாடம் இன்னும் ஏறவில்லை என்றும், வாத்தியாருக்கு இன்று மனசு சரியில்லை என்றும் ஸ்டாஃப் ரூமில் இருபொருள் படும். இதை ஆக்கியவர் மார்ட்டின் டூகியாமஸ். முதல் பதிப்பு 2002. மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில், பள்ளிக்கூடம் எட்டாத தூரத்தில், வானொலி வழியே பாடம் கேட்டு வளர்ந்த மனிதர். தூரத்துப் பிள்ளைக்குப் பாடம் போய்ச் சேரவேண்டும் என்று நினைத்திருக்கிறார், பாவம். மூடில் எழுதப்பட்ட பி.எச்.பி. மொழியிலோ, யாரும் போய் மாற்றிவைக்காவிட்டால், 2 எம்.பி.க்கு மேல் எந்தக் கோப்பும் ஏறாது. என் மூன்றாம் அலகு நாட்டுப்புறக் கலைகள். ஒரு கரகாட்டப் படமே 4 எம்.பி. தலையில் இருப்பது கரகமா குக்கரா என்று தெரியாத அளவுக்குச் சுருக்கிய பிறகுதான் ஆட்டக்காரர் உள்ளே போனார்.

ஏறும்போது 93 சதவீதத்தில் நிற்பது ஒரு தனி நிலை. நமுத்த வெடிக்கு ஒப்பானது: திரி அணைந்துவிட்டதா, உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கிறதா, தெரியாது. நமுத்த வெடியைக் குனிந்து பார்க்கக் கூடாது என்பது சிவகாசிப் பக்கம் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். பேராசிரியர்களுக்குத் தெரியாது. இன்னொரு முறை அழுத்துவார்கள், பிறகு இன்னொரு முறை. ஒரே பாடம் மூன்று தடவை வெடிக்கும்.

இனி பாடபேதம். 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க உ.வே.சாமிநாதையர் ஏடு ஏடாக ஒப்பிட்டது நாடறிந்தது. எங்கள் தளத்தில் மூன்றாம் அலகுக்குக் கிடைத்த பிரதிகள்: 'யூனிட்3', 'யூனிட்3_நியூ', 'யூனிட்3_ஃபைனல்', 'யூனிட்3_ஃபைனல்_கரெக்டட்', 'யூனிட்3_ஹெச்ஓடி_சொன்னது'. இவற்றுள் மூலபாடம் எது? ஐந்திலும் 'வில்லுப்பாட்டு' என்பது 'வில்லுப்பாடு' என்றே பிழையாக இருப்பதால், எல்லாம் ஒரே தாய்ப்பிரதியின் பிள்ளைகள் என்பது துணிபு. தாய்ப்பிரதியை எழுதியவன் இவ்வாய்வாளனே என்பதால் இதற்கு மேல் அந்தத் திசையில் ஆராயவில்லை. பக்கத்துக் கல்லூரியிலிருந்து வந்த ஆறாவது பிரதி பாமினி எழுத்துருவில் இருந்தது. மாணவர் செல்போனில் அந்த எழுத்துரு இல்லை. ஆகவே 'தமிழ்' என்ற இடமெல்லாம் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தது. "சார், ஜேகேபிஓ மரபுன்னா என்ன சார்?" என்று முன்வரிசைப் பையன் கேட்டான். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டான்.

ஏட்டின் கடைசியில் பெயர்த்தெழுதியவர் தம் பெயரைக் குறிப்பது பழைய வழக்கம். எங்கள் பிரதிகளில் பக்கத்துக்குப் பக்கம் அடியில் கேம்ஸ்கேனரின் பெயர் இருக்கிறது. 2020 ஜூனில் மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தபோது அதுவும் போயிற்று. ஆனால் நகலுக்கு நகல் அந்த வரி மட்டும் இன்றும் சிரஞ்சீவியாக வாழ்கிறது.

எப்போது ஏற்றுகிறோம் என்பதும் ஆராயத்தக்கதே. சிவகாசியில் ஆடிப் பதினெட்டன்று பூசை போட்டு அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். ஆடியிலேயே தையை விற்கிற ஊர். அதற்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, நாங்கள் செமஸ்டர் முடிந்த பிறகு முதல் அலகை ஏற்றுகிறோம். காரணம், பாடத்தை மாணவன் கேட்பதில்லை. தர மதிப்பீட்டுக் குழு கேட்கிறது. குழு வருகிற தேதி தெரிந்த இரவில் ஐந்து அலகும் சரவெடியாக ஏறும்.

மாணவன் எங்கே போகிறான்? நன்னூல் மாணாக்கரை அன்னம், பசு தொடங்கி நெய்யரி வரை வகுக்கிறது. நெய்யரி என்பது நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் சல்லடை. எங்கள் மாணவர் நெய்யரி அல்லர். ஒன்பதாம் வகை: ஜெராக்ஸ் கடை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நான் நேரில் கேட்டது:

"அண்ணே, தமிழர் மரபு யூனிட் த்ரீ இருக்கா?"

"இருக்கு தம்பி. முழுசா வேணுமா, டூ மார்க் மட்டும் போதுமா?"

என்னைப் பார்த்ததும் கடைக்காரர் எழுந்தே விட்டார். "வாங்க சார். இந்த செம்ல உங்க மெட்டீரியல்தான் சார் நல்லாப் போகுது."

இதுவரை என் எழுத்துக்குக் கிடைத்த ஒரே மதிப்புரை அது.

எங்களுக்குத் தென்மேற்கே, ராஜபாளையம் தாண்டி, கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் சுவடிகள் தேடிப் போன உ.வே.சா.விடம், அவற்றை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டோம் என்றார்கள். 'என் சரித்திரம்' படித்தவர்களுக்கு அந்த இடத்தில் வயிறு எரிந்திருக்கும். சென்ற மே மாதம் எங்கள் சர்வரில் இடமில்லை என்று பழைய செமஸ்டர்க் கோப்புகளை அழித்தார்கள். நெய்கூட இல்லை. என் மடிக்கணினியில் 'ஃபைனல்' என்று இருந்ததைத் திறந்தால் உள்ளே பரீட்சை ஹால் பெயர்ப்பட்டியல்.

வேறு வழியின்றி ஜெராக்ஸ் கடையில் என் பாடத்தை நானே விலைகொடுத்து வாங்கினேன். 17ஆம் பக்கம் மட்டும் இல்லை. அதில் இருந்தது வளரி: எறிந்தவன் கைக்கே திரும்பி வரும் என்று சொல்லப்படுகிற ஆயுதம். மங்கலான பிரதியானாலும் சரி, அந்தப் பக்கத்தை வைத்திருப்பவர்கள் கொடுத்து உதவினால் நகலெடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவேன்.