லண்டன் பார்த்தவர்

நுரைச்சோலையில் ‘லண்டன் பார்த்தவர்’ எனப்படுபவர், பிரித்தானியாவில் தொழில் பார்க்கும் மகனோ மருமகனோ அழைத்ததன் பேரில், ஆறு மாதம் வரை தங்க இடமளிக்கும் பார்வையாளர் விசாவில் அந்நகருக்குப் போய், குளிர் தாங்காமல் விசா முடியுமுன்னரே திரும்பி, அதன்பின் ஆயுள் முழுவதும் அந்நகரைப் பற்றிய இறுதித் தீர்ப்புகளை வழங்கும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொள்பவர் ஆவார். மக்காவுக்குப் போய் வந்தவரை ஹாஜியார் என அழைக்கும் ஊர், லண்டனுக்குப் போய் வந்தவருக்கு இன்னும் பட்டம் எதுவும் வைக்கவில்லை. அந்தக் குறையை அவர் தம் பேச்சினாலேயே நிவர்த்தி செய்துவிடுகிறார். பெரும்பாலும் அவர் பாலாவி–கற்பிட்டி வீதியோரத்து மணல் நிலத்தில் சின்ன வெங்காயமும் பீட்ரூட்டும் பயிரிட்டவராகவோ, அவற்றைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு லொறியில் ஏற்றிவிட்ட வியாபாரியாகவோ இருப்பார் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனெனில் அவர் லண்டனை அளந்த அளவுகோல் அந்த மணலில்தான் செய்யப்பட்டது.

அந்த அளவுகோலின் பெயர் ரூபாய். ஒரு பவுண் ஏறக்குறைய 400 ரூபாய் என்ற கணக்கு ஹீத்ரோ விமான நிலையத்திலேயே அவர் தலைக்குள் குடியேறிவிடுவதால், அதன்பின் எந்தக் காட்சியும் முதலில் அந்தப் பெருக்கலுக்குள் புகுந்து வெளியேறிய பிறகே அவர் கண்ணுக்கு வந்து சேர்கிறது. பதினோராம் நூற்றாண்டில் நோர்மானிய அரசன் வில்லியம் கட்டத் தொடங்கியதும், இன்று அரச முடிகளோடு கோகினூர் வைரத்தையும் காவலில் வைத்திருப்பதுமான லண்டன் கோபுரக் கோட்டைக்குள் நுழைய ஆளுக்கு 30 பவுணுக்கு மேல் கட்டணம் என்று மருமகள் சொன்ன மாத்திரத்தில், அவர் வாசலிலேயே நின்று பெருக்கி, குடும்பத்தில் எத்தனை பேர் என்பதையும் சேர்த்து மறுபடி பெருக்கி, இத்தகைய கோட்டையின் அழகு வெளியிலிருந்து பார்த்தால்தான் முழுமையாகத் தெரியும் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். சில மாதங்களில் இம்முடிவு நுரைச்சோலைத் தேநீர்க் கடைகளில் கட்டடக்கலை பற்றிய கருத்தாக உலவத் தொடங்கும்.

இதற்கு மாறாக, தேசிய அருங்காட்சியகங்களின் பொதுக் காட்சிக்கூடங்களுக்கு 2001ஆம் ஆண்டு முதல் கட்டணம் இல்லை என்பது அவருக்குத் தெரிய வரும் நாள், பயணத்திலேயே பொன்னான நாளாகும். இலவசம் என்று வைத்திருப்பதைப் பார்க்காமல் விடுவது நட்டம் என்பதால், டைனோசர் எலும்புக்கூடு, நீராவி இயந்திரம், இத்தாலிய ஓவியம் என்று வேறுபாடு பாராமல் எல்லாவற்றையும் ஒரே பகலில் கண்டு தீர்க்கிறார். 1759ஆம் ஆண்டிலேயே பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பிரித்தானிய அருங்காட்சியகத்தில் எகிப்திய மம்மிகளின் முன் நின்று, ‘இவனுகள் ஃபிர்அவ்னுடைய ஆட்கள்’ என்று பேரனுக்கு விளக்கம் தருவதோடு கால் கடுத்து, அங்குள்ள வாங்கில் அமர்ந்துவிடுகிறார். இலங்கையின் கிழக்குக் கரையோரத்தில் கிடைத்து, முன்னாள் ஆளுநர் பிரவுன்ரிக் 1830இல் அந்த அருங்காட்சியகத்துக்கு அளித்த தாரா தேவியின் பொன்முலாம் பூசிய வெண்கலச் சிலை அதே கட்டடத்தில்தான் நிற்கிறது. தமக்கு ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன்பே விசா இல்லாமல் வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்ட அந்த நாட்டுக்காரரை விசாரிக்காமலே அவர் வெளியேறிவிடுகிறார்.

ஊர் திரும்பியதும் அவர் மேற்கொள்ளும் முதற் பணி பிறர் அறிவைத் திருத்துவது. பிக் பென் என்பது மணிக்கூட்டுக் கோபுரத்தின் பெயரல்ல, உள்ளே தொங்கும் பெரிய மணியின் பெயர் என்றும், கோபுரத்துக்கு 2012இல் எலிசபெத் கோபுரம் எனப் பெயர் சூட்டப்பட்டது என்றும் அவர் கூறுவது முற்றிலும் சரி. ஆனால் அதே மூச்சில், இரண்டு கோபுரங்களுக்கு நடுவே கப்பலுக்கு வழிவிட்டு இரண்டாகத் திறக்கும் பாலத்தைக் காட்டி ‘இதுதான் லண்டன் பிரிட்ஜ்’ என்பார். அது 1894இல் திறக்கப்பட்ட டவர் பிரிட்ஜ். லண்டன் பிரிட்ஜ் என்பது சற்றுத் தள்ளி, 1973இல் திறக்கப்பட்ட, யாரும் நின்று படம் எடுக்காத சாதாரணக் கொங்கிரீட் பாலம். அதற்கு முன்பு அவ்விடத்தில் இருந்த பாலத்தை ஆங்கிலேயர் 1968இல் அமெரிக்கர் ஒருவருக்கு விற்க, அவர் அதைக் கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுபோய் அரிசோனாவில் மீண்டும் எழுப்பினார். பாலத்தையே கழற்றி விற்றவர்களின் வியாபாரத் திறமையை மனமாரப் பாராட்டக்கூடியவர் ஊரில் இவர் ஒருவரே. பாவம், அந்தச் செய்தி அவருக்கு எட்டவில்லை.

அவருடைய கைத்தொலைபேசியில் உள்ள படங்களை ஆராய்பவர், எல்லாப் படங்களிலும் ஒரே மேலங்கி இருப்பதைக் கவனிக்கலாம். அது மகனுடையது, கை நீளம் கூடியதால் விரல்கள் வெளியே தெரிவதில்லை. அந்த அங்கியோடு அவர் தவறாமல் நிற்கும் ஓரிடம் சிவப்புத் தொலைபேசிக் கூண்டு. அக்கூண்டை 1924இல் வடிவமைத்த கைல்ஸ் கில்பர்ட் ஸ்கொட் என்ற கட்டடக் கலைஞரே, தேம்ஸ் நதிக்கரையில் உள்ள இரண்டு பெரிய மின் நிலையங்களுக்கும் உருவம் கொடுத்தவர். அவற்றுள் பாங்சைட் மின் நிலையம் 2000ஆம் ஆண்டில் டேட் மொடர்ன் என்னும் நவீன ஓவியக்கூடமாயிற்று. மற்றதான பட்டர்சீ, நிலக்கரியை எரித்து மின்சாரம் தந்த நிலையம். நான்கு வெண்ணிறப் புகைக்கூடுகள் கொண்ட அது 1983இல் உற்பத்தியை நிறுத்தி, நெடுங்காலம் பாழாய்க் கிடந்து, 2022இல் கடைத்தொகுதியாகத் திறக்கப்பட்டது. இப்போது அதன் புகைக்கூடு ஒன்றுக்குள் கண்ணாடி லிஃப்ட் பொருத்தி, 109 மீற்றர் உயரத்தில் நகரைக் காட்டிக் கட்டணம் வாங்குகிறார்கள். எல்லா இடத்திலும் பெருக்கிப் பார்த்த மனிதர், மகன் முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிட்ட காரணத்தால், இங்கு மட்டும் ஏறிவிட்டார்.

இந்த ஏற்றத்தை அவர் விவரிக்கும் இடமோ, இலங்கையின் மிகப் பெரிய மின் நிலையத்தின் புகைக்கூட்டை வாசலிலிருந்தே பார்க்கக்கூடிய தேநீர்க் கடை. 2011இல் முதற்பிரிவும் 2014இல் எஞ்சியவையுமாக, தலா 300 மெகாவாட் கொண்ட மூன்று பிரிவுகளுடன் எழுந்த லக்விஜய அனல் மின் நிலையம் அது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிலக்கரித் தூசி வீட்டு முற்றம் வரை வருகிறது என்று அயலவர்கள் முறையிட்டு வருவதும் அதைப் பற்றியே.

“ஹாஜியார், செத்துப்போன பவர் ஸ்டேஷனைப் பார்க்கவா காசு குடுத்து அவ்வளவு தூரம் போனீங்க? நம்மடது உயிரோடதானே நிக்கிது” என்று ஓர் இளைஞன் கேட்டான்.

ஹாஜியார் பிளேன்டியை ஒருமுறை உறிஞ்சிவிட்டு, “அது வேற மகன். அங்க லிஃப்ட் போட்டிருக்கானுகள்” என்றார்.

கேள்வி கேட்டவனும் பதில் சொன்னவரும் தத்தம் அளவில் சரியாகவே பேசினர். பிரித்தானியா தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை 2024 செப்டெம்பர் 30ஆம் திகதி மூடிவிட்டது. ஆகவே அங்கு புகைக்கூடு என்பது பழம்பொருள், இங்கு அது இரவு விளக்கு எரிவதற்கான காரணம்.

லண்டன் பார்த்தவருக்கு உண்மையான சோதனை, பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகள் நுரைச்சோலைக்கு வந்து ‘இங்க பார்க்க என்ன இருக்கு, அப்பா?’ என்று பாட்டனாரைக் கேட்கும் நாளில் வருகிறது. ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் முடித்து, இன்று கடற்படையினரின் பொறுப்பில் இருக்கும் கற்பிட்டிக் கோட்டை, பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் எட்டும் தூரத்தில் இருக்கிறது. வழியில் தலவில புனித அன்னம்மாள் ஆலயம். குடாநாட்டுக் காற்றை நம்பிப் பட்டம் பிடித்து அலைமேல் சறுக்க வெளிநாட்டவர் கூடுவதும், நவம்பர் முதல் ஏப்ரல் வரை டொல்பின் கூட்டத்தைத் தேடிப் படகேறுவதும் இதே கரையில்தான். இவற்றில் எதையும் பார்த்திராத அவர், பிள்ளைகளை வேனில் ஏற்றி நேரே கொழும்புக்குக் கொண்டுபோய்த் தாமரைக் கோபுரத்தைக் காட்டுகிறார்; காரணம் கேட்டால், அங்கேயும் லிஃப்ட் இருக்கிறது.

இவரை ஏளனம் செய்வதால் ஊருக்கு எந்தப் பயனும் இல்லை. கேட்பவர் சலிக்காமல் கதை சொல்லும் நாவன்மை, விலை விவரங்களை மறவாத நினைவாற்றல், அரைகுறையாக அறிந்ததையும் உறுதியாக எடுத்துரைக்கும் துணிவு என, சுற்றுலா வழிகாட்டிக்கு வேண்டிய எல்லாத் தகுதிகளும் கற்பிட்டிக் குடாநாட்டில் வேறெவரையும் விட இவரிடமே நிறைந்திருக்கின்றன. ஆகவே அவரை அறிந்தோர் செய்யத்தக்கது ஒன்றே: அடுத்த முறை அவர் லண்டன் கோபுரக் கோட்டையைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது, பேச்சை முடிக்க விட்டு, கையோடு அழைத்துப்போய்க் கற்பிட்டி பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். டிக்கெட்டுக்கு அவரைப் பெருக்கிப் பார்க்க விடாமல், ஏற்றிவிடுபவரே பணம் கொடுத்துவிடுவது நல்லது.