கவிழ்த்து வைப்பவர்

போனை மேசையில் கவிழ்த்து வைப்பதில் எங்கள் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் மனிதரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. காலையில் வந்து உட்கார்ந்ததும் முதல் காரியம் அதுதான். சட்டைப் பையிலிருந்து எடுத்து, கைக்குட்டையால் திரையைத் துடைத்து, சைலண்டில் போட்டு, ஸ்டேப்ளருக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவே குப்புறப் படுக்க வைப்பார். பிறகு எங்களை ஒரு பார்வை பார்ப்பார். "வேலைன்னா வேலைதான் சார்."

குப்புறப் படுத்தது நாலு நிமிடம் தாங்கும். அப்புறம் சுண்டுவிரலால் ஓர் ஓரத்தை மட்டும் தூக்கி மணி பார்ப்பார். கையில் வாட்ச் கட்டியிருக்கிறார். எதிர்ச் சுவரில் கடிகாரம் மாட்டியிருக்கிறது. கம்ப்யூட்டர் மூலையிலும் மணி ஓடுகிறது. ஆனாலும் போன் சொன்னால்தான் மணி. பார்க்கப் போன இடத்தில் அபார்ட்மெண்ட் குரூப்பில் தண்ணீர் லாரிச் சண்டை நடந்துகொண்டிருக்கும். அதற்கு ஒரு பஞ்சாயத்து. மச்சினன் மகளுக்கு வரன் தேடும் குரூப்பில் ஒரு ஜாதகம். பள்ளித் தோழர் எவருக்கோ பிறந்தநாள், கேக் படம் போடாவிட்டால் நன்றாகவா இருக்கும்? எல்லாம் முடித்துத் திரும்பவும் துடைத்து, திரும்பவும் கவிழ்ப்பார். இந்த முறை 'டொக்' என்ற சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்கும், ஏதோ சந்நியாசம் வாங்கிக்கொண்டவர் மாதிரி. அப்போது "மணி என்ன சார்?" என்று கேட்டுப் பாருங்கள். திரும்ப எடுப்பார்.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் வார்டும் கூட்டாளிகளும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, ஏறக்குறைய இவரை வைத்தே செய்தது போலிருக்கும். போனைச் சைலண்டில் போட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தவர்களைவிட, பக்கத்து அறையில் விட்டுவிட்டு வந்தவர்கள் மூளைக்கு வேலை தரும் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். கவிழ்த்து வைத்தாலும் அது மனசை இழுத்துக்கொண்டேதான் இருக்கிறதாம். இதை அவரிடம் சொன்னேன். "அப்புறம் வேற ஆளுங்க செஞ்சு பார்த்தப்போ அந்த ரிசல்ட் வரலையே சார்" என்றார். உண்மைதான், எல்லோருக்கும் அப்படி வரவில்லை. அதை அவர் படித்தது எப்போது, எதில் என்று நான் கேட்கவில்லை.

போன வருஷம் எச்ஆர் எங்களுக்கெல்லாம் பர்சனாலிட்டி டெஸ்ட் வைத்தது. மனித சுபாவத்தை ஐந்து குணங்களாகப் பிரித்து அளக்கிற வகை. அதில் பொறுப்புணர்ச்சி அதிகமுள்ளவர்கள் ஆபீஸ் நேரத்தில் இணையத்தில் பொழுதைப் போக்குவது குறைவு என்று ஆய்வுகள் பொதுவாகச் சொல்கின்றன. பொறுப்புணர்ச்சியில் செக்‌ஷனிலேயே முதல் மார்க் யாருக்கு? இவருக்குத்தான். கேள்விக்குப் பதில் போடுவதும் நாமே, நம்மைப் பற்றித்தான் என்றால் யார் குறைத்துப் போடுவார்கள்? அந்த மார்க்கை உடனே ஸ்டேட்டஸில் வைத்தார். மணி அப்போது பதினொன்றரை.

இவர் திருட்டுத்தனம் செய்கிறவர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மனசுக்குள் முறையாகக் கணக்கு வைத்திருக்கிறார். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் விவியன் லிம் 2002இலேயே இதைப் பிடித்துவிட்டார். கம்பெனி தமக்கு நியாயம் செய்யவில்லை என்று நினைக்கிறவர்கள், 'நாம் உழைத்தது வரவு, இணையத்தில் உலாத்துவது அதற்கு ஈடான பற்று' என்று பேரேடு போட்டுக்கொள்கிறார்கள். இன்கிரிமெண்ட் நாலு வருஷமாக ஒழுங்காக வரவில்லை என்பது நிஜம். என் வயிறும் எரிகிறது. ஆனால் இவர் பேரேட்டில் மார்ச் முடிவுக்கு ஒருநாள் ராத்திரி பத்து மணிவரை இருந்த வரவை வைத்தே இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறார். கணக்கு முடிகிற வழியாகத் தெரியவில்லை.

ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டு மோட்டார் நின்றுபோனபோது, நான் வாய் மூடுவதற்குள் அந்த அபார்ட்மெண்ட் குரூப்பில் போட்டு ஆளைப் பிடித்துக் கொடுத்தார். வந்தவனும் நல்ல வேலைக்காரன்.

அதற்காக வெண்டர் பில்லை மறந்துவிட முடியுமா? இவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பில் என் மேசைக்கு வரும். மூன்று மணிக்கு வர வேண்டிய கட்டு ஐந்தே முக்காலுக்கு வருகிறது. ஆறு மணிக்கு அவர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். பிரித்தால் ஒன்றில் ஜிஎஸ்டி நம்பர் தப்பு, இன்னொன்றில் தொகையே தப்பு. பணம் கேட்டு வெண்டர் கத்துவது என்னிடம். சந்தேகம் கேட்க இவருக்கு போன் போட்டால் எடுக்க மாட்டார். ஆபீஸ் முடிந்தால் ஆபீஸ் போனைத் தொடுவதில்லை என்பது அவர் கொள்கையாம்.