ஓரங்குல வீரனும் ஒரு டப்பா ஸ்ப்ரேயும்

சிங்கப்பூரின் பூன் லே அடுக்குமாடியில் வார்ஹாமர் போர் விளையாட்டுப் பொம்மைக்கு வண்ணம் பூசத் தொடங்குகிறவரின் முதல் எதிரி வேற்றுக்கிரகவாசி அல்ல, ஈரப்பதம். மழைக்கு முந்தைய புழுக்கத்தில் அடிப்பூச்சான பிரைமரை ஸ்ப்ரேயில் அடித்தால், 41ஆம் ஆயிரமாண்டில் மனிதகுலத்தைக் காக்கவேண்டிய மாவீரன் ரவையில் புரட்டிய வாழைக்காய் வறுவலாக நிற்பான். ஜன்னலுக்கு வெளியே அடிக்கலாமென்றால் மூங்கில் கழியில் பக்கத்து வீட்டுத் துணி. மிச்சம் நடைவழிதான். ஆனால் இது 1966இலேயே நாசவேலைச் சட்டம் போட்ட ஊர். 1994இல் கார்களுக்குப் பெயின்ட் அடித்த வழக்கில் அமெரிக்க இளைஞர் மைக்கேல் ஃபே நான்கு பிரம்படி வாங்கினார். ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கும் சத்தம் கேட்டதுமே எதிர்வீட்டுக் கதவு திறக்கிறது.

“பொம்மைக்குத்தான், ஆண்ட்டி.”

“உனக்கு வயசு என்னப்பா?”

தூரிகையால் பூசும் பிரைமரும் உண்டு. அதில் இந்த வீரம் வருமா?