போர் மாறலாம், ஸ்ட்ரோக் மாறக்கூடாது

கேள்வி: ஸ்டில் எம்.எஸ். 290 செயின்சாவில் 390-இன் சிலிண்டரும் பிஸ்டனும் பொருந்துமா? கடைக்காரர் பொருந்தும் என்கிறார். மெக்கானிக் வேண்டாம் என்கிறார்.

பதில்: பொருந்தும். 290, 310, 390 மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். மூன்றுக்கும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 34 மி.மீ. போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், மட்டும் 46, 47, 49 என்று ஏறுகிறது. உங்கள் 56.5 சி.சி. மெஷின் 64.1 சி.சி. ஆகிவிடும். மெக்கானிக் தயங்குவதிலும் நியாயம் இருக்கிறது. இந்த இன்ஜினை முழுசாக வெளியே எடுத்தால்தான் பிரிக்க முடியும். கிராங்கின் அடிமூடிக்கு கேஸ்கட் கிடையாது, பேஸ்ட் தடவித்தான் மூட வேண்டும். பிரித்த கையோடு இரண்டு ஆயில் சீல்களையும் மாற்றிவிடுங்கள். பெரிய சிலிண்டருக்குப் பெட்ரோலும் கூடுதலாக வேண்டும். கார்புரேட்டரின் ‘ஹெச்’ திருகைப் பழைய இடத்திலேயே விட்டால் புது பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும் (சீஸ்).

கேள்வி: ஹஸ்க்வர்னா 365-ஐ 372 ஆக்கலாமா?

பதில்: பழைய 365 என்றால் தாராளமாக. ஸ்ட்ரோக் இரண்டுக்கும் 36 மி.மீ., போர் 48-லிருந்து 50. அதாவது 65.1 சி.சி.யிலிருந்து 70.7. பின்னால் வந்த 365 எக்ஸ்-டார்க் ஏற்கெனவே 70.7 சி.சி.தான். அதன் சிலிண்டரில் காற்றுக்குத் தனி வழி உண்டு. பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள்.

கேள்வி: அப்படியென்றால் ஸ்ட்ரோக் ஒன்றாக இருந்தால் போதும், இல்லையா?

பதில்: போதாது. பிஸ்டன் பின் பாருங்கள். ஸ்டில் 044-இல் முதலில் வந்தவற்றுக்கு 10 மி.மீ. பின், பிறகு வந்தவற்றுக்கு 12. மாடல் பெயர் ஒன்றுதான், ஆனால் ஒன்றின் பிஸ்டன் மற்றதற்குப் பொருந்தாது. பின்னிலிருந்து பிஸ்டன் தலைவரை உள்ள உயரத்தையும், சிலிண்டரின் கீழ்வாய் கிராங்க்கேஸில் இறங்குகிறதா என்பதையும், போல்ட் துளைகளையும் பழையதோடு வைத்து ஒப்பிடுங்கள். காசு கொடுப்பதற்கு முன்பே!

கேள்வி: பெரிய பிஸ்டனை மட்டும் வாங்கி, பழைய சிலிண்டரை ரீபோர் செய்துகொள்ளலாமா? பைக்குக்குச் செய்கிறார்களே.

பதில்: கூடாது. பல பைக்குகளில் இரும்பு லைனர் இருக்கிறது, கடைந்தாலும் இரும்புதான். நல்ல செயின்சா சிலிண்டர் அலுமினியம், உள்ளே நிக்கசில் பூச்சு. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கடைந்தால் பூச்சு போய்விடும்.

கேள்வி: புது சிலிண்டர்-பிஸ்டன் கிட் போட்டு ஒரே வாரம். மறுபடியும் சீஸ். கிட் போலியா?

பதில்: இருக்கலாம். ஆனால் முதலில் செத்த பிஸ்டனைக் கையில் எடுத்துப் பாருங்கள், காரணத்தை அதுவே காட்டும். சைலன்சர் பக்கம் மட்டும் கீறலா? ஆயில் குறைவு, அல்லது பெட்ரோல் குறைந்து காற்று கூடியிருக்கிறது. கார்புரேட்டர் பக்கம் மங்கித் தேய்ந்திருக்கிறதா? ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போயிருக்கிறது. காற்று கூடியது என்றால், கிழிந்த இன்டேக் ரப்பரும் தேய்ந்த ஆயில் சீலும்தான் வழக்கமான குற்றவாளிகள். அவற்றைச் சரிசெய்யாமல் எந்த மாடலின் கிட்டைப் போட்டாலும் அதே கதிதான். ஆயில் கணக்கு லிட்டருக்கு 20 மில்லி, நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயில். கைக்கணக்கில் ஊற்றாதீர்கள், அளந்து ஊற்றுங்கள். மெஷின் சீஸ் ஆனால் அதை நம்பிப் பிழைப்பவரின் கூலியும் அன்றோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: சிலிண்டர் சுவரில் அலுமினியம் ஒட்டியிருக்கிறது. தூக்கி எறிய வேண்டியதுதானா?

பதில்: அவசரம் வேண்டாம். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, ஒட்டிய இடத்தில் மட்டும் வையுங்கள். அலுமினியம் கரையும், நிக்கசில் நிற்கும். பூச்சு உரிந்த இடத்திலும் போர்ட் விளிம்பிலும் ஆசிட் படவே கூடாது. கையுறை, கண்ணாடி, திறந்த வெளி மூன்றும் கட்டாயம். முடிந்ததும் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். பூச்சே உரிந்திருந்தால் எறியத்தான் வேண்டும்.

கேள்வி: சிலிண்டருக்கு அடியில் உள்ள கேஸ்கட்டை எடுத்துவிட்டால் கம்ப்ரஷன் ஏறுமாமே?

பதில்: ஏறும். பிஸ்டன் தலைக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி மிஞ்சுகிறதா என்று பார்த்தீர்களா? பிளக் துளை வழியாக ஈயக் கம்பியை ஓரம்வரை விட்டு, இன்ஜினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நசுங்கிய கம்பியை அளந்தால் 0.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. குறைந்தால் கேஸ்கட் இருக்கட்டும்.

கேள்வி: பிஸ்டன் மேல் உள்ள அம்புக்குறி எந்தப் பக்கம்?

பதில்: சைலன்சர் பக்கம்.

கேள்வி: பிஸ்டன் பின் லாக் பழையதையே மாட்டலாமா?

பதில்: கூடாது. ஒருமுறை கழற்றிய லாக்கின் பிடிப்பு தளர்ந்திருக்கும். ஓடும்போது கழன்றால் புது சிலிண்டரைக் கிழித்துவிடும். கிட் வாங்கும்போதே உள்ளே இரண்டு புது லாக் இருக்கிறதா என்று எண்ணி வாங்குங்கள்.