பகா எண்ணும் தண்ணீர் லாரியும்

எங்கள் அடுக்ககத்தில் முப்பத்தாறு வீடுகள். முப்பத்தாறு வீட்டுக்கும் ஒரே செல்போன் எண்: 2147483647. செயலாளரின் அக்கா மகன் இலவசமாகச் செய்துகொடுத்த கணினிப் பட்டியலில் அப்படித்தான் இருந்தது. தண்ணீர் லாரிக்காரர் யாரைக் கூப்பிடுவதென்று தெரியாமல் வாசலில் நின்று ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். “குடியிருப்போர் ஒற்றுமைன்னா இதுதான் சார்” என்றார் இரண்டாம் மாடிக்காரர்.

பையனைத் திட்டலாம். ஆனால் எண்ணைத் திட்ட முடியாது. அது பெரிய இடத்துப் பிள்ளை. முப்பத்தோரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது. கணினியின் 32 பிட் பெட்டியில் கூட்டலா கழித்தலா என்று குறிக்கவே ஒரு பிட் போய்விடும். மிச்சமிருக்கும் 31-இல் அடங்கும் மிகப் பெரிய எண் இதுதான். நம் செல்போன் எண்களோ அறுநூறு கோடிக்குக் குறையாதவை. எப்படி அடங்கும்? சில டேட்டாபேஸ்கள் ‘இடமில்லை’ என்று வாய் திறந்து சொல்லாது. தன்னால் முடிந்த அதிகபட்சத்தை எழுதிவைத்துவிட்டுக் கமுக்கமாக இருந்துவிடும்.

இந்த 2147483647 ஒரு பகா எண் என்று 1772-இல் நிறுவியவர் கணிதர் ஆய்லர். பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார், கண் பார்வை அநேகமாகப் போயிருந்தது. நேர்வழியில் போனால் 46,340 வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். நாலாயிரத்துக்கு மேல் தேறும். ஜாதகக் கட்டைப் பார்த்தே முக்கால்வாசி வரன்களைக் கழித்துவிடும் பெரியப்பாவைப் போல அவர் ஒரு நிபந்தனை போட்டார்: இதை வகுக்க ஆசைப்படும் பகா எண்ணை 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 வர வேண்டும். எண்பது சொச்சம்தான் மிஞ்சின. அவற்றிலும் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

தன்னைவிடச் சிறிய வகுத்திகளைக் கூட்டினால் தானே வருகிற எண்ணை நிறைவெண் என்பார்கள், 6 அப்படிப்பட்டது. ஆய்லரின் எண்ணிலிருந்தும் பத்தொன்பது இலக்கத்தில் ஒரு நிறைவெண் பிறக்கிறது. அதைவிடப் பெரியதை ஒருவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, பிரயோசனமில்லாத வேலைக்கு யார் மெனக்கெடுவார்கள் என்று 1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதர் எழுதினார். பிரயோசனமில்லாத வேலைக்கென்றே அவதரித்தவர்களை அவர் சந்தித்ததில்லை போலும். 1876-இல் பிரான்சின் எதுவார்ட் லூக்கா 39 இலக்கப் பகா எண் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதிலிருந்து வரும் நிறைவெண்ணுக்கு 77 இலக்கம்.

நம் எண்ணுக்கு இன்னொரு நாளும் குறித்தாயிற்று: 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. 1970 பிறந்ததிலிருந்து நொடிகளை எண்ணிவரும் பழைய 32 பிட் கடிகாரங்கள் அப்போது இந்த எண்ணைத் தொடும். அடுத்த நொடி, 1901 டிசம்பர் 14-க்குப் போய் விழும். பாரதியாருக்குப் பத்தொன்பது வயது நிறைந்து மூன்றாம் நாள்.

என் வீட்டுக்கடன் 2041 வரை ஓடுகிறது. வங்கிகள் இதற்குள் பெரிய பெட்டிக்கு மாறியிருக்கும். மாறாத மூலை ஒன்றாவது இருக்காதா என்று எனக்கொரு நப்பாசை. இன்னும் பிறக்காத ஆளிடம் தவணை கேட்க எந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது?