மாலை போடாத குருசாமி

அருப்புக்கோட்டையில் ஒரு புது வகை மனிதர் உருவாகியிருக்கிறார். தறிப்பட்டறையோ நூல் கடையோ வைத்திருப்பார். இல்லையென்றால் ஓய்வுபெற்ற தலைமையாசிரியராக இருப்பார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம். கையில் எந்நேரமும் நீளவாக்கில் ஒரு சிட்டை. பன்னிரண்டு பேரின் பெயர், ஆதார் எண், யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ஜன்னலோர சீட், யார் வெங்காயம் பூண்டு தொடமாட்டார் என்கிற விவரமெல்லாம் அதற்குள் அடக்கம். தை பிறந்ததும் செட்டுச் சேர்த்துக்கொண்டு அந்தமானுக்குக் கிளம்பிவிடுவார். காட்டுக்குள் நடை, குகைக்குள் குனிந்து போவது, தீவுக்குத் தீவு படகு, கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் மீன் பார்ப்பது என்று ஆறு நாளும் உடம்புக்கு வேலை. பார்த்தவர்கள் ‘காசு வந்த கொழுப்பு’ என்கிறார்கள். கல்லூரிக்குப் போகும் மகனோ, அப்பா வெள்ளைக்காரனின் அட்வெஞ்சர் டூரைக் காப்பியடிக்கிறார் என்கிறான். இரண்டு தரப்பும் ஆளைத் தப்பாக எடைபோட்டிருக்கின்றன என்பது என் கட்சி. அண்ணாச்சி பழைய ஆள்தான். மாலை போடாத குருசாமி.

வெளிநாட்டுக் கம்பெனிகள் விற்கும் சிறு குழுப் பயணத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது? பத்துப் பன்னிரண்டு பேர், முன்னால் வழி தெரிந்த ஒருவர், நடக்கக் காடு, ஏற மலை, விடியுமுன் குளியல், சொன்ன இடத்தில் சாப்பாடு, கிடைத்த இடத்தில் படுக்கை. மெல்பர்னில் இன்ட்ரெபிட் கம்பெனி 1989-ல் கடை விரித்தது. அதற்கு வெகு காலம் முன்பே எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை வழியாகப் பம்பைக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் காட்டுக்குள் நடந்துகொண்டிருந்தது நம் ஜனம், அதுவும் வெறுங்காலோடு. 1950-ல் சபரிமலைக் கோயில் தீக்கிரையான பிறகு, புது விக்கிரகத்தைத் தமிழ்நாட்டு ஊர்களில் வலம் வரச் செய்து கொண்டுபோய்ச் சேர்த்ததில் பி.டி.ராஜனுக்கும் நவாப் ராஜமாணிக்கத்துக்கும் பெரும் பங்கு உண்டு. அப்போதிருந்து இந்தப் பக்கத்து ஊர்களில் தெருவுக்கு ஒரு குருசாமி முளைத்தார். காடு அங்கே இருக்க, தீவுக்கு ராமேஸ்வரம் இருந்தது. அக்னி தீர்த்தத்தில் கடல் முழுக்கு, பிறகு இருபத்திரண்டு தீர்த்தத்துக்கும் ஈரத்துணியோடு ஓட்டம். இதைவிட உடம்பை வாட்டும் தீவுச் சுற்றுலாவை எந்தக் கம்பெனியும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. மழைக்காடும் தீவுக் கடற்கரையும் சேர்ந்த பேக்கேஜ் என்று இன்று விளம்பரம் செய்வதைக் கார்த்திகைக்கும் தை அமாவாசைக்கும் இடையில் நம்மவர்கள் வேனிலேயே முடித்துவிட்டிருந்தார்கள். (1977-ல் அருப்புக்கோட்டைத் தொகுதி சட்டமன்றத்துக்கு அனுப்பியது ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தில் கடலிலும் தீவிலும் வாள் சுழற்றிய எம்.ஜி.ஆரை. அதே படத்தில் வில்லனாக வந்த நம்பியார், நிஜ வாழ்க்கையில் ஊரறிந்த குருசாமி. அண்ணாச்சிக்கு இருவர் மேலும் பக்தி உண்டு.)

சாட்சிகளுக்கு வருவோம். முதல் சாட்சி, மூட்டை. இருமுடியில் முன்முடி சாமிக்கு, பின்முடி வழிச்சாப்பாட்டுக்கு. அண்ணாச்சியின் இரண்டு டிராலிகளில் ஒன்று துணிமணி. மற்றது சாத்தூர் காராச்சேவு, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், கருப்பட்டி மிட்டாய், சுக்கு, வெந்நீர் வைக்க ஒரு மின்சாரக் கெட்டில். ஊறுகாயைக் கைப்பையில் விடமாட்டார்கள் என்று தெரிந்து, அதைப் பாலித்தீனில் மூன்று சுற்றுச் சுற்றித் துண்டுக்கு நடுவில் செருகியிருப்பார். இரண்டாவது, உடுப்பு: மலைக்குக் கறுப்பு வேட்டி, தீவுக்கு ஊர்ப் பெயர் அச்சடித்த ஒரே நிற டி-ஷர்ட். கூட்டத்தில் ஆள் தொலையக் கூடாது என்ற கவலை ஒன்றேதான். மூன்றாவதுதான் எனக்கு முக்கியம், விடியற்காலை. பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகைக்குப் போகிறவர்கள் போர்ட் பிளேரிலிருந்து நாலு மணிக்குள் கிளம்பியாக வேண்டும். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளை வரிசைகட்டி, குறித்த நேரத்தில் போலீஸ் காவலோடுதான் விடுவார்கள். வழி, ஜரவா பழங்குடியினரின் காப்புக்காடு. நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, தின்பண்டம் கொடுக்கவே கூடாது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த இளவட்டங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு இந்த நிபந்தனைகளைப் பற்றி முணுமுணுக்கும்போது, அண்ணாச்சி மூன்று மணிக்கே கதவைத் தட்டி, "எந்திரிங்க, எந்திரிங்க, குளிச்சாச்சா?" என்று ஆளெண்ணி முடித்திருப்பார். எதிரில் வருகிறவருக்கு ஒரு கை சேவு நீட்டாமல் இருக்கத் தெரியாத மனிதர், அந்தச் சாலையில் பொட்டலத்தை முடிந்து காலடியில் வைத்துவிட்டு, பின்சீட்டைப் பார்த்து, "ஏ மாப்ள, அந்தப் போனை உள்ள வையி" என்று ஒரு அதட்டுப் போடுவார். நாற்பத்தெட்டு நாள் விரதம் காத்துப் பழகியவருக்கு நாலு மணி நேர விதி பெரிதில்லை. அந்தமான் நிர்வாகம் எதிர்பார்க்கும் லட்சணப் பயணி அவர்தான். சிப்பி, பவளம் எதையும் எடுக்கக் கூடாது என்றால், செருப்பில் ஒட்டிய மணலைக்கூட உதறிவிட்டுத்தான் படகேறுவார்.

‘அது பக்தி, இது உல்லாசம், இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் உல்லாசப் பயணத்தின் பிறப்பை விசாரித்தால் அங்கேயும் ஒரு விரதம் உட்கார்ந்திருக்கிறது. தாமஸ் குக் 1841 ஜூலை 5-ல் லெஸ்டரிலிருந்து லஃபரோவுக்குத் தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு சுமார் ஐந்நூறு பேரை ரயிலில் கூட்டிப்போனாரே, அது எதற்கு? மதுவிலக்குக் கூட்டத்துக்கு. உலகத்தின் பேர்பெற்ற டூர் ஆபரேட்டர் குடிக்காதே என்று பிரசாரம் செய்யப் போனவர். அண்ணாச்சியும் படகு கரை சேரும்வரை யாரும் வாயில் வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார். கரை சேர்ந்த பிறகு நடப்பது சிட்டையில் ஏறுவதில்லை. தவிர, போர்ட் பிளேரில் இறங்கியதும் முதல் வேலையாக வெற்றிமலை முருகன் கோயிலுக்குப் போய் ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் செட்டு மற்ற இடங்களுக்கு நகரும். அந்த ஊருக்கு 2024-லிருந்து ஸ்ரீ விஜய புரம் என்று பெயர்; ஹேவ்லாக் 2018-லேயே ஸ்வராஜ் தீவு ஆகிவிட்டது. சிட்டையில் இன்னமும் ‘ஹவுலாக்’தான்.

இன்னொரு குற்றச்சாட்டு, இவர்கள் இயற்கையை ரசிப்பதில்லை என்பது. ராதாநகர் கடற்கரையை 2004-ல் டைம் பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்ததென்று சொன்னது. அண்ணாச்சி அங்கே போய்ச் சேவைப் பிரித்துவிட்டு, விசைத்தறிக்குக் கரண்ட் ஒழுங்காக வருகிறதா என்று ஊருக்குப் போன் போடுகிறார் என்பது புகார். போன் போடுவது உண்மை. ரசிக்கவில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. குண்டாற்றில் தண்ணீர் வந்தால் திருச்சுழிக்காரர் வேலையைப் போட்டுவிட்டுப் போய்ப் பார்ப்பார். கண்மாய் நிறைந்தால் அது சேதி. சீமைக் கருவேலத்தைத் தவிர வேறு பச்சையை அதிகம் பாராத கண் அது. அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. அதில் மூன்றில் ஒரு பங்கு பெய்தாலே நமக்கு அது நல்ல வருஷம். பாராடாங் கழியில் இரு பக்கமும் அலையாத்தி மரங்கள் வேரைத் தூக்கி நிற்கும்போது மற்றவர்கள் ‘வாவ்’ என்கிறார்கள், அண்ணாச்சி, "இம்புட்டு மழைத்தண்ணியும் சும்மா கடலுக்கா போகுது?" என்கிறார். படாக் மரத்தை அண்ணாந்து பார்ப்பவர், அது நம் வேங்கையின் பங்காளி என்று வழிகாட்டி சொன்னதும், சுற்றளவை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துப் பார்த்துவிட்டு, டன் என்ன விலை என்கிறார். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் சீமையிலிருந்து வந்தவர் மரத்தை வேறெப்படி அளப்பார்? ரசனை என்பது கண்ணை விரிப்பது மட்டும்தானா? இல்லாதவன் கணக்குப் போட்டுப் பார்ப்பதும் ரசனைதான். உண்மையில் அவன்தான் கூர்ந்து பார்க்கிறான்.

என் கட்சி நொண்டுகிற இடம் ஒன்று உண்டு, அது மதினி. சபரிமலைப் பெருவழியில் அண்ணாச்சி நடந்த அத்தனை வருஷமும் மதினி பொடி இடித்து, முடி கட்டுகிற அன்று சமைத்துப் போட்டு, வாசலோடு நின்றுகொண்டவர். அந்தமான் படகில் அவரும் உட்கார்ந்திருக்கிறார். குருசாமி மரபில் இதற்கு விதி கிடையாது, அதனால் ஆட்சி ஆட்டம் காண்கிறது. எலிஃபண்ட் பீச்சுக்குக் காட்டுப் பாதையில் நடந்து போய்ச் சேர்ந்ததும் ரப்பர் வளையமும் மூச்சுக்குழாயும் கொடுப்பார்கள். பம்ப்செட் கிணற்றில் தலைகீழாகப் பாய்ந்து நீச்சல் பழகிய அண்ணாச்சி, மிதவை அங்கியைப் பார்த்துச் சிரிக்கிறார். பனியனுக்கு மேல் அதன் பட்டை தொப்பையைத் தாண்டி எட்டாமல் தொங்குகிறது. மூக்கை மறந்து வாயால் மூச்சு விடு என்கிறான் வழிகாட்டிப் பையன்; கிணற்றில் ஐம்பது வருஷம் மூச்சடக்கிய மூக்கு அதைக் கேட்பதாயில்லை. மூன்று முறை உப்புத் தண்ணீர் குடித்துக் கரையேறுகிறார். நீச்சலே தெரியாத மதினிக்கு மறக்க வேண்டியது எதுவுமில்லை. சொன்னபடி வளையத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் கவிழ்த்தவர்தான். அரை மணி கழித்து எழுந்து, பச்சையும் நீலமுமாக ஒரு மீன் பவளத்தைக் கடித்துத் தின்கிற சத்தம் காதில் கேட்டதாகச் சொல்கிறார். அன்று சாயங்காலத்திலிருந்து மறுநாள் நிரலை மதினி சொல்ல, அண்ணாச்சி சிட்டையில் எழுதிக்கொள்கிறார்.

செட்டாகப் போவதே தொல்லை, மனிதன் தனியாகப் போனால்தான் பயணம் என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பாராடாங்குக்கு ஒருவர் போனாலும் ஆறு பேர் போனாலும் கார் வாடகை ஒன்றுதான் என்பதை அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். தனிப்பயணத்தின் பெருமையையும் எங்கள் பக்கத்துக்குப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருச்சுழியில் 1879-ல் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி, 1896-ல் மதுரையிலிருந்து யாரிடமும் சொல்லாமல் திருவண்ணாமலைக்குக் கிளம்பியவர். ஆனால் அவரே அண்ணனின் காலேஜ் சம்பளத்துக்கு வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டைச் சீட்டோடு வைத்துவிட்டுத்தான் போனார். சம்பளம் கட்டவில்லை என்றும் அதில் எழுதியிருந்தார். உலகத்தையே துறக்கப் போகிறவர்கூடக் கணக்கை நேர்செய்துவிட்டுப் புறப்பட்ட வட்டாரம் இது. அதனால் அந்தமானிலிருந்து திரும்பிய ஞாயிற்றுக்கிழமை நடக்கும் கணக்கு முடிப்பைக் கேலி செய்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை. அண்ணாச்சி வீட்டுக் கூடத்தில் வடை, காப்பி. வசூல், செலவு, கையிருப்பு 640 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் தலைக்கு ஐம்பத்து மூன்று ரூபாய் சொச்சம். அந்தச் சொச்சத்தை என்ன செய்வது என்று முக்கால் மணி நேரம் பேசுகிறார்கள். உண்டியலில் போடலாம் என்கிறார் அண்ணாச்சி. திருப்பிக் கொடுப்பதே முறை என்கிறார் தலைமையாசிரியர். பாலித் தீவுக்கு அட்வான்ஸாக வைத்துக்கொள்ளலாம் என்று அடுக்களையிலிருந்து குரல் வருகிறது. அதற்குப் பாஸ்போர்ட் வேண்டுமே என்று அண்ணாச்சி இழுக்க, மதினியுடையது போன மாசமே தபாலில் வந்துவிட்டதாம்.